கூப்பிடுகிற சேவல்

மிட்டாதார் பொன்னுரங்கத்துக்கு எதைப் பார்த்தாலும் அதில் தன் சாயல் தெரிய வேண்டும். மழை பொய்த்து ஊரே பட்டினி கிடந்த வருஷத்தில், அவர் கம்புக் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோழிகளைப் பற்றிக் கவலைப்பட்டார்.

கம்பு கேட்டு வாசலில் நின்ற சனங்களின் முன்னால், கோழி பார்க்கும் அங்காயியைக் கூப்பிட்டார். "இத்தனை சேவல்ல என் குணம் எதுக்கு இருக்கோ, அதை மட்டும் இனத்துக்கு நிறுத்து. மத்ததெல்லாம் குழம்புக்கு. தப்பாப் பொறுக்கினா உனக்கு இங்கே வேலை இல்லை."

அங்காயி ஒரு பிடி கம்பை வீசினாள். கொழுத்த வெள்ளைச் சேவல் பெட்டைகளைக் கொத்தி விரட்டிவிட்டுத் தானே விழுங்கியது. செவலைச் சேவலோ ஒரு மணியை அலகால் எடுத்துக் கீழே போட்டு, கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டு, அவை தின்னும்வரை காத்து நின்றது.

"ரெண்டுல எதுங்க எசமான் உங்க குணம்? எனக்குப் பிடிபடலைங்க."

ஊரே அவரைப் பார்த்தது. மிட்டாதார் மீசையைத் தடவினார். "இதுகூடத் தெரியலையா? செவலைதான்!"

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்" என்ற அங்காயி, சனங்களின் பக்கம் திரும்பினாள். "எசமான் கூப்பிட்டுட்டாருங்க! எல்லாரும் போய்ப் பாத்திரம் எடுத்துட்டு வாங்க."

சாவி இடுப்பிலிருந்து இறங்கியது.

மறுநாள் மிட்டாதார் வீட்டில் வெள்ளைச் சேவல் குழம்பு. ஊர் பார்க்கிறதே என்று அவர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். கழுத்துத் துண்டுதான் மிச்சம் இருந்தது.