கருந்திரையான் கோயில் வாசல்

"என் சாமியைப் பார்த்து ஒருத்தரும் பயப்பட மாட்டேங்கிறாங்க" என்றார் மாசிலாமணி.

செண்பகவல்லி யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடை அவளுடையது.

"எந்தச் சாமி சார்?"

"கருந்திரையான். கடலுக்கடியில இருக்கிற கெட்ட சாமி. நான் உண்டாக்கினது."

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தொன்று. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு உயர் ஓதம், தாழ் ஓதம் என்று கடல் ஏறி இறங்குவதைப் படம் போட்டுப் பாடம் நடத்தியவர் அவர்தான். அது புவியியல். இது விளையாட்டு; இதில் அவள்தான் அவருக்கு டீச்சர்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு. ஒருவர் ஓர் இடத்தைச் சொல்வார். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ அதற்குள் போய், என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

இடம் சொல்வதில் செண்பகவல்லிக்குப் பெயர் உண்டு. அவள் சொன்ன ஒரு ரயில் நிலையத்துக்குள் போய்வந்த மூன்று பேர் இன்றுவரை ரயிலில் கண்ணயர்வதில்லை.

"பயப்படலேன்னா என்ன பண்றாங்க?"

"கொட்டாவி விடுறாங்க. பல் டாக்டர் கோமதிநாயகம் சாமியை வாயைத் திறக்கச் சொல்றாரு. சொத்தை இருக்கான்னு பார்க்கணுமாம்."

"சரி."

"வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்னிக்கும் இப்படியே போனா, எல்லாரும் கேரம் ஆடப் போயிடுறதா முடிவு பண்ணியிருக்காங்க."

"நீங்களும் கேரம் ஆடுங்களேன்."

"அவங்க நாலு பேரு."

கேரம் பலகைக்கு நாலு பக்கம். செண்பகவல்லி திருப்புளியை நிறுத்தி அவரை ஒரு தடவை பார்த்தாள். பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் அவர் வாய் திறந்து பேசுவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதை அவர் சொல்லவில்லை.

"படிங்க சார்."

மாசிலாமணி பையிலிருந்து நோட்டை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கோயிலில் அறுபத்து மூன்று அறை. பூசாரிகளின் பதினான்கு தலைமுறை. மூன்று வகை நஞ்சு. கடல் எந்த நாளில் எந்த நேரம் வற்றும், வாசல் எப்போது வெளியே தெரியும் என்பதற்கு முழு ஆண்டு அட்டவணை. இல்லாத ஒரு கல்வெட்டுக்கு நூற்றுப் பதினான்கு அடிக்குறிப்பு.

அரை மணி நேரம் படித்தார். அதற்குள் அவள் மூன்று கண்ணாடிகளைச் சரிசெய்துவிட்டாள்.

"ஒன்பது கண்களில் ஏழாவது கண் மட்டும் இமைப்பதில்லை. அதன் காரணம் நாற்பத்தோராம் அடிக்குறிப்பில்..."

"போதும் சார். நான் போறேன்."

"எங்கே?"

"கோயிலுக்கு."

முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

மாசிலாமணிக்கு உடம்பு நிமிர்ந்தது. பகடையை எடுத்து வைத்தார்.

"கடல் வத்தி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலே. சேத்துக்கு நடுவுல வாசல் தெரியுது. ஏழு ஆள் உயரக் கதவு. என்ன பண்றீங்க?"

"செருப்பைக் கழத்துறேன்."

அவர் நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். அறுபத்து மூன்று அறையிலும் செருப்பு விட ஓர் இடம் இல்லை.

இதுவரை யாரும் கேட்டதுமில்லை. பல் டாக்டர் கிளினிக் படியில்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற அந்த நாலு பேரும், கருந்திரையான் கருவறை வரைக்கும் பூட்ஸ் காலோடு போய்வந்திருந்தார்கள்.

"அது பாழடைஞ்ச கோயில் டீச்சர். முந்நூறு வருஷமா ஆள் நடமாட்டம் கிடையாது."

"இருந்தாலும் கோயில்தானே சார். எங்கே விடட்டும்?"

"இடது பக்கமா விடுங்க. மத்த செருப்போட."

சொல்லிவிட்டார். நோட்டில் இல்லாதது. ஐம்பத்தொன்பது வருடமாகக் கோயிலுக்குப் போய்வந்த வாய் அதுவாகச் சொன்னது.

"மத்த செருப்பா?"

மாசிலாமணி மறுபடி நோட்டைப் புரட்டினார்.

"எத்தனை ஜோடி சார்?"

"பத்து... பதினொண்ணு இருக்கும்."

"ஈரமா இருக்கா?"

அவர் கண்ணை மூடினார். அட்டவணைப்படி ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த வாசலின் மேல் நாலு ஆள் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அட்டவணையில் பிழை கிடையாது. மூன்று முறை சரிபார்த்தது.

"காஞ்சிருக்கு" என்றார்.

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மேசைக்கடியில் அவர் காலைத் தூக்கி தன் நாற்காலிக் கட்டை மேல் வைத்துக்கொண்டார்.

"யாருது டீச்சர் அது?"

"என்னைக் கேட்டா? நான் இப்பதானே வந்தேன்."

"நோட்டுல இல்லையே."

"நான் என் செருப்பைப் போட்டுக்கிறேன். திரும்பிப் போறேன்."

"உள்ளே வரலையா? அறுபத்து மூணு அறை இருக்கு."

"இருக்கட்டும் சார்."

செண்பகவல்லி கையை நீட்டினாள். பகடையைக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். யாரும் வாங்க வராத கண்ணாடிகள் கிடந்த இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை கழிச்சு வந்து வாங்கிக்கங்க."

அந்த வாரம் மாசிலாமணி ஓரிடத்தில் உட்காரவில்லை. போன இடத்திலெல்லாம் வாசலைப் பார்த்தார். வியாழக்கிழமை பிள்ளையார் கோயில் வாசலில் நின்று, ஒவ்வொரு ஜோடிக்கும் ஆள் வருகிறதா என்று கவனித்தார். நடை சாத்துகிற வரைக்கும் ஒரு ஜோடிக்கு ஆள் வரவில்லை. பூக்காரம்மாவிடம் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்காமல் வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கோமதிநாயகத்தின் கிளினிக் மாடியில் கூடினார்கள். கீழே படியோரம் ஐந்து ஜோடி செருப்பு.

"நோட்டு எங்க வாத்தியாரே?"

"கொண்டுவரலே."

"கருந்திரையான் கண்ணைத் திறந்துட்டாரு" என்றார் கோமதிநாயகம். நர்ஸ் ரோஸ்லின் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். மற்ற இருவரும் கேரம் பலகை இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடல் வத்தியிருக்கு. வாசல் தெரியுது" என்றார் மாசிலாமணி. "செருப்பைக் கழத்துங்க."

"நான் போர்வீரனய்யா. இரும்பு பூட்ஸ்."

"கழத்தும்."

கோமதிநாயகம் சிரித்தார். "சரி, கழத்தியாச்சு. எங்க விட?"

"இடது பக்கம். ஏற்கெனவே நாலு ஜோடி கிடக்கு."

பொட்டலத்துக்குள் போன ரோஸ்லின் கை அங்கேயே நின்றது.

"நாங்களே நாலு பேருதானே சார்."

"ஆமா."

"எங்களுக்கு முந்தி யாரு உள்ளே போனது?"

"தெரியலே."

"இடத்தைச் சொல்றது நீங்க. உங்களுக்குத் தெரியலேன்னா?"

"நான் உள்ளே போனதில்லேம்மா."

யாரும் சிரிக்கவில்லை.

"நான் குனிஞ்சு பாக்கேன்" என்றார் கோமதிநாயகம். "பகடையை உருட்டவா?"

"வேண்டாம். பாத்துச் சொல்லும்."

"நான் சொல்லணுமாக்கும். சரி. ஒரு தோல் செருப்பு கிடக்கு." வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு போனார். "பழசு. வலது கால் வாரு அறுந்து, நீல நூலால தைச்சிருக்கு..."

நிறுத்திக்கொண்டார்.

அந்த நீல நூலை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கீழே, படியோரம், அவர் சற்று முன்னால் கழற்றிவிட்ட செருப்பில்.

"காஞ்சிருக்கா டாக்டர்?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

அவர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போகலாம் என்றார் ஒருவர். செருப்போடு போகலாம் என்றார் இன்னொருவர். செருப்பைத் தொட வேண்டாம் என்றாள் ரோஸ்லின். அறுபத்து மூன்று அறையில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. பகடை உருளவில்லை. முறுக்கு அப்படியே இருந்தது.

மணி ஆறு ஆனது.

"அடுத்த ஞாயிறும் இங்கதானே?" என்றாள் ரோஸ்லின்.

"இங்கதான்" என்றார் கோமதிநாயகம்.

"அப்ப கிளம்பலாம்."

ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கால் விரல்களை மடக்கி நீட்டுகிற சத்தம் கேட்டது.

ஆறே கால்.

"கிளினிக்கைப் பூட்டணும்" என்றார் கோமதிநாயகம். "வாத்தியாரே, நீரு முன்னால இறங்கும். உம்ம சாமிதானே."

மாசிலாமணி படிக்கட்டைப் பார்த்தார்.

"இறங்குறேன்" என்றார்.

எழுந்திருக்கவில்லை.