தெருவுக்கு வந்த பள்ளிக்கூடம்

இளவேனில் எந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலையும் மிதித்தவள் அல்லள். அப்பா தெய்வசிகாமணி, சித்தப்பா சபாபதி, அத்தை வேதநாயகி ஆகிய மூவரும் அவளை வீட்டிலேயே படிக்கவைத்தார்கள். அப்படியிருந்தும் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டாள்.

கல்லூரியில் தாவரவியல் படிக்க இடம் கிடைத்தது. சேர்வதற்கான கடைசி நாளன்று எழுத்தர் அன்பாகச் சொன்னார்: "டி.சி. இல்லைன்னா பரவாயில்லம்மா. பள்ளியை விட்டு நீ வெளியேறிட்டதா வீட்டுல ஒரு கடிதம் வாங்கிட்டு வா. அஞ்சு மணிக்குக் கவுண்டரை மூடிடுவோம்."

மணி மூன்று. வீட்டில் ஆசிரியர் கூட்டம் கூடியது.

"வெளியேறாத பிள்ளையை வெளியேறிட்டதா எழுதினா அது பொய்," என்றார் அப்பா. "முதல்ல நீ தெருவுல போய் நில்லும்மா."

நின்றாள்.

"எழுதியாச்சுன்னா உள்ள வந்து வாங்கிக்கட்டுமாப்பா?"

"உள்ள வந்தா திரும்பச் சேர்ந்த மாதிரி ஆயிடும்," என்றாள் அத்தை. "தலைமையாசிரியர் மேசையிலதான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். மேசையை வெளியே தூக்குங்க."

மேசை வந்தது. மேசைக்குத் துணையாக நாற்காலியும் கரும்பலகையும் வந்தன. அப்பா பேனாவைத் திறந்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, மூணு வாத்தியாரும் இங்க. கரும்பலகையும் இங்க. அப்போ பள்ளிக்கூடம் எங்க இருக்கு?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "தெருவுல."

"அவ?"

"அவளும் தெருவுல." அப்பா பேனாவை மூடினார். "பள்ளிக்கூடத்துக்குள்ளதான் நிக்கிறா."

"சித்தப்பா, நாலேகால் பஸ் போயிடும்."

"அவசரக்காரிக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் டி.சி. கிடைக்காது கண்ணு."

அத்தைக்குத்தான் வழி தெரிந்தது. "பள்ளிக்கூடம் வெளியே வந்தாச்சு. இனி அவ வீட்டுக்குள்ள போயிட்டாப் போதுமே?"

இளவேனில் வீட்டுக்குள் போனாள். கடிதம் ஜன்னல் வழியாக வந்தது. வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடினாள்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் எழுத்தர் அதைப் படித்தார்: 'இம்மாணவி எங்கள் பள்ளியை விட்டு வெளியேறவில்லை. பள்ளிதான் இவளை விட்டு வெளியேறியது. நடத்தை: பொறுமை.'

இரண்டு முறை படித்தார். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். சேர்த்துக்கொண்டார்.

அவள் கொல்லைப்புறமாகவே வீடு திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மூவரும் தெருவிலேயே மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"சேர்ந்துட்டேம்ப்பா. உள்ள வாங்க, காபி போடறேன்."

"எப்படிம்மா வர்றது?" என்றாள் அத்தை. "நாங்க வந்தா பள்ளிக்கூடமும் உள்ள வந்துடும். நீயும் உள்ள இருப்பே. ஒரே ஆள் ஒரே நேரத்துல பள்ளியிலயும் கல்லூரியிலயும் படிக்கக் கூடாது."

"அப்போ என்னதான் செய்யறது?"

அப்பா பெருந்தன்மையோடு சிரித்தார். "இதுக்குப் போய்க் கலங்குவாங்களா? காலையில முதல் வேலையா அந்தக் கல்லூரியில ஒரு டி.சி. வாங்கிட்டு வந்துடு."