முல்லைநாட்டுக் கல்லும் சக்கரவர்த்தியின் செப்பேடும்

முன்னொரு காலத்தில் முல்லைநாடு என்கிற சின்ன நாட்டைப் பரிவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவார். அவருக்கு மேலே ஒரு சக்கரவர்த்தி. அந்தச் சக்கரவர்த்தியின் செப்பேட்டுச் சட்டம் எல்லா நாட்டுக்கும் பொது. முல்லைநாட்டுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. அதை அந்நாட்டு ஜனங்களே கூடிப் பேசி, அம்மன் கோயில் வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்லுக்குப் பொருள் சொல்லித் தீர்ப்புக் கொடுப்பவர் மந்திரி ஆவுடையப்பர்.

அவர் உட்காரும் நியாயப் பலகையைப் பார்த்தாலே விருத்தகிரிக்கு வயிறு எரியும். விருத்தகிரி சபைப் பண்டிதர். பன்னிரண்டு வருஷம் சக்கரவர்த்தியின் தலைநகரில் இருந்து செப்பேட்டைத் தலைகீழாகப் படித்தவர். ஆவுடையப்பரோ நாட்டு எல்லையைத் தாண்டாத மனிதர். ஆனாலும் தெருவில் ஜனங்கள் அவரைத்தான் கும்பிட்டார்கள். 'இவ்வளவு படித்த எனக்கு ஒரு கும்பிடு உண்டா?' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவார் விருத்தகிரி. அப்படிச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டுமா?

ஒருநாள் ராஜாவின் மயில் காணாமல் போயிற்று. "ஊரையே சல்லடை போட்டுத் தேடுங்கள்!" என்றார் ராஜா. அனுமதி ஓலை இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது செப்பேட்டிலும் கல்லிலும் உள்ள சட்டம். காவலர்கள் அதனால் வீட்டை விட்டுவிட்டுத் தொழுவங்களில் புகுந்தார்கள்.

மூக்காயி என்கிற விதவையின் மாடு கன்று ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஈன்ற தொழுவத்தில் பத்து நாளைக்கு அந்நியர் கால் வைப்பது அந்நாட்டு வழக்கமில்லை. மூக்காயி குறுக்கே நின்றாள். "காவலரையா மறிக்கிறாய்?" என்று மாட்டையே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மயில் சாயங்காலம் அரண்மனைக் களஞ்சியக் கூரைமேலேயே அகப்பட்டது. மாடுதான் திரும்பவில்லை. தாயில்லாமல் கன்று கத்திக்கொண்டே கிடந்தது.

மூக்காயி ஆவுடையப்பரிடம் ஓடினாள். "கல்லில் 'வீடும் தொழுவமும்' என்றே வெட்டியிருக்கிறது. ஓலை இல்லாமல் நுழைந்தது தப்பு. மாட்டைத் திருப்பிக் கொடுங்கள்" என்று தீர்ப்பாயிற்று.

விருத்தகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, மோசம் போனோம்! வாசற்படியோடு வீடு முடிந்தது, தொழுவத்துக்குக் காப்பில்லை என்று சக்கரவர்த்தியின் நீதிமான்கள் செப்பேட்டுக்குப் பொருள் சொல்லி முப்பது வருஷமாச்சு. நம் கல்லையும் அப்படித்தானே வாசிக்க வேண்டும்? இவர் என்ன அவர்களைவிடப் பெரியவரா?"

ராஜாவுக்குச் சக்கரவர்த்தி என்றால் நடுக்கம். உடனே மந்திரியைக் கூப்பிட்டார். "ஆவுடையப்பரே, நாளைச் சபையில் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் நியாயப் பலகை விருத்தகிரிக்கு. மாடு அரண்மனைக்கு!"

மறுநாள் விருத்தகிரி புதுத் தலைப்பாகை கட்டி, அந்தப் பலகையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆவுடையப்பர் எழுந்தார். "அரசே, செப்பேடு கொடுத்த காப்பில் குன்றிமணியளவும் குறைக்க எனக்கு அதிகாரமில்லை. அதற்குமேல் கொடுக்கக் கூடாதென்று அதில் எங்கே இருக்கிறது? பண்டிதரே, ஒரு வரி காட்டும்."

விருத்தகிரி மனசுக்குள் செப்பேட்டை முழுக்கப் புரட்டினார். "வரி இல்லைதான். ஆனாலும் செப்பேடு கொடுக்காததை நம் கல் கொடுப்பது அகம்பாவம்!"

"கொடுக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது!"

"அப்படியானால் எழுந்திரும்."

"என்ன ஓய்?"

"சபையில் பண்டிதருக்கு ஆசனம் உண்டென்று செப்பேட்டில் இல்லை. நம் கல்லில்தான் இருக்கிறது. தலைப்பாகையும் அப்படியே."

சபையில் கொல்லென்று சிரிப்பு. விருத்தகிரி எழுந்து, தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நிற்கிறேன்! நியாயத்துக்காக நாள் முழுக்க நிற்பேன்!" பலகைமேல் வைத்த கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"சரி, இன்னும் ஒருவர் பாக்கி." ஆவுடையப்பர் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அரசே, மன்னிக்க வேண்டும். முல்லைநாட்டுக்கு ராஜா உண்டென்று செப்பேட்டில் எங்கும் இல்லை. அந்தச் சிம்மாசனம் ஜனங்கள் கல்லில் வெட்டிக் கொடுத்தது. பண்டிதர் சொல்கிறபடி வாசித்தால்..."

ராஜா பாதி எழுந்தார். பிறகு சிம்மாசனத்தின் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அடப் பாவி விருத்தகிரி! என்னையும் அல்லவா கிளப்பப் பார்த்தீர்!"

"தலைநகரில் மாடு வளர்ப்பவர் இல்லை, அரசே. தொழுவத்தை அவர்கள் ஏன் நினைக்கப் போகிறார்கள்? நம் முன்னோர் மாட்டை நம்பிப் பிழைத்தவர்கள். அவர்கள் எதை நினைத்து வெட்டினார்களோ, அதை நினைத்துத்தான் நான் வாசிக்க வேண்டும்."

ராஜா தம் சால்வையை எடுத்து ஆவுடையப்பருக்குப் போர்த்தினார். பிறகு, "விருத்தகிரி, மாட்டை நீரே ஓட்டிப்போம். தீர்ப்பையும் உம் வாயாலேயே வாசித்துவிட்டு வாரும்" என்றார்.

பண்டிதர் மாட்டை இழுத்தாரா, மாடு பண்டிதரை இழுத்ததா, அம்மனுக்கே வெளிச்சம். கன்றின் குரல் கேட்டதும் மாடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு தொழுவத்துக்குள் பாய்ந்தது. விருத்தகிரி வெளியே நின்று தீர்ப்பை வாசித்து முடித்தார். மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அவரைக் கும்பிட்டாள்.

"சாமி, இந்தத் தீர்ப்பச் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடணும். நீங்க நூறு வருஷம் இருக்கணும்."

இத்தனை வருஷம் ஏங்கிய கும்பிடு! விருத்தகிரி சுற்றிலும் பார்த்தார். சபையார் ஒருவரும் இல்லை. பேசாமல் வாங்கிக்கொண்டு போகலாம்தான். உள்ளே கன்று சப்புச்சப்பென்று பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் சொல்லலம்மா," என்றார். "ஆவுடையப்பர் சொன்னது."

"அதனால என்ன சாமி? ஓட்டிக்கிட்டு வந்தது நீங்கதானே?" என்று சொல்லி, மூக்காயி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருத்தகிரி அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அங்கே மாடும் கன்றும் சுகம். அம்மன் புண்ணியத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சுகமாய் இருக்கட்டும்.