மடத்து வாசலுக்கு ஓர் ஆள்

“ஆளே கிடைக்க மாட்டேங்குது அம்மா” என்றார் தாண்டவமூர்த்தி.

பூரணி அம்மை மடத்துத் தாழ்வாரத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதுக்கு ஆள்?”

“எச்.ஆர். தலைவர் பதவிக்கு.”

“அப்படின்னா?”

தாண்டவமூர்த்தி மாநகராட்சிப் பள்ளிகள் அத்தனைக்கும் கல்வி அலுவலர். கேட்டால் விளக்கமாகச் சொல்லிப் பழகியவர். சொன்னார். வாத்தியார்களை வேலைக்கு எடுக்க வேண்டும். யாருக்கு எந்தப் பள்ளி என்று போட வேண்டும். மாறுதல் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். சண்டை வந்தால் தீர்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே உட்கார ஒரு பெரிய ஆள் வேண்டும்.

“முன்னே இருந்தவர் எங்கே?”

“போயிட்டார்.”

“அவருக்கு முன்னே?”

“அவரும் போயிட்டார்.”

“ஏன்?”

“அதுதான் எனக்குப் புரியல. நான் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது அம்மா.”

அது உண்மை. அவர் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் ருசியும் உண்டு.

பூரணி அம்மை அவரைவிட வயதில் இளையவர்தான். அம்மையைக் குரு என்று சொல்லிக்கொள்வதில் தாண்டவமூர்த்திக்கு வெட்கம் இல்லை. அவர் சொல்வது பாதி நேரம் புரியாததில்தான் கொஞ்சம் வெட்கம்.

“ஆள் கிடைக்கலேன்னா என்ன ஆகும்?” என்றார் அம்மை.

“உப்பளத்துப் பள்ளி போயிடும்.”

ஊருக்குக் கடைக்கோடியில், உப்புப் பாத்திகளை ஒட்டி இருக்கிற பள்ளி அது. அவர் முதன்முதலில் சாக்பீஸ் பிடித்தது அங்கேதான். இப்போது அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். போடுகிற ஆளெல்லாம் ஒரு வருஷத்தில் டவுனுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பள்ளி திறப்பதற்குள் ஆள் நிற்கவில்லை என்றால் மூடிவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

“மூடிட்டா அந்தப் பிள்ளைங்க வேற பள்ளிக்கு நடந்து போகாது அம்மா. பாத்தியில உப்பு வாரத்தான் போகும்.”

அம்மை ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

“மாறுதல் கேக்கிறவங்க உங்ககிட்ட வருவாங்களா?”

“வீட்டுக்கே வருவாங்க.”

“என்ன சொல்வீங்க?”

“பார்க்கலாம்னு சொல்வேன்.” சொல்லும்போதே தலையை லேசாகச் சாய்த்து, வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

“அப்புறம்?”

“எச்.ஆர்.கிட்ட அனுப்பி வைப்பேன்.”

“அவர் என்ன சொல்வார்?”

“முடியாதுன்னுடுவார். அது அவர் வேலை.”

“அப்புறம்?”

தாண்டவமூர்த்தி பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

“சில நேரம் மேலேயிருந்து போன் வரும். சில பேர் அழுவாங்க. எனக்கு மனசு கேக்காது. நானே ஆர்டர் போட்டுக் கொடுத்துடுவேன்.”

அம்மை அடுத்த கொத்தை எடுத்தார். கீரை பாதி முடிந்திருந்தது.

“இப்ப வந்தவங்கள்ல ஒருத்தர்கூடவா தேறல?”

“ஒருத்தர் பெரிய கம்பெனியில இருந்தவர். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறார். இன்னொருத்தருக்கு விதியெல்லாம் மனப்பாடம், ஆனா மனுஷங்க முகத்தையே பார்க்க மாட்டேங்கிறார். ஜெசிந்தான்னு ஒரு அம்மா வந்தாங்க. ஆஸ்பத்திரியில நர்சுங்களுக்கெல்லாம் டூட்டி போட்டுப் பழக்கம். அவங்க தேவலைன்னு பார்த்தேன். கடைசியில எங்களையே கேள்வி கேக்கிறாங்க.”

“என்ன கேட்டாங்க?”

“‘நான் முடியாதுன்னு சொல்லிட்டா, அது முடியாதுதானா? இல்லே, எனக்குப் பின்னால யாராவது முடியும்னு ஆக்குவாங்களா?’ன்னு. வேலைக்கு வந்த இடத்துல கேக்கிற கேள்வியா இது? எனக்குச் சுருக்குனு இருந்தது.”

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“பார்க்கலாம்னு சொன்னேன்.”

அம்மை கீரையை முறத்தோடு தள்ளி வைத்தார்.

“எங்க வாசல்காரர் ஊருக்குப் போயிருக்கார். இன்னைக்கு நீங்க நில்லுங்க.”

“நானா?”

“இன்னைக்கு நான் யாரையும் பார்க்கிறதா இல்லை. வர்றவங்ககிட்டச் சொல்லி அனுப்பிடுங்க. யாரா இருந்தாலும்.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

அம்மை எழுந்து உள்ளே போய்விட்டார்.

தாண்டவமூர்த்தி வாசலுக்கு வந்தார். மடம் ஒரு கரட்டின் உச்சியில் இருந்தது. கீழே சாலையோரம் ஒரு டீக்கடை. அங்கிருந்து படி ஏறித்தான் வர வேண்டும். கல்வி அலுவலரை வாசலில் நிறுத்தினால் அதில் ஏதோ தத்துவம் இருக்கத்தான் வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நின்றார்.

முதலில் ஓர் அம்மாள் வந்தாள். கையில் துணிப்பை. காலில் பித்தவெடிப்பு. படியேறி மூச்சு வாங்கியது.

“அம்மாவைப் பார்க்கணும்யா. மகன் பேசறதில்லே. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்.”

“இன்னைக்கு முடியாதும்மா.”

“ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

“யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு.”

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“சரிங்கய்யா. நீங்க சொன்னா சரிதான்” என்று திரும்பி இறங்கினாள்.

தாண்டவமூர்த்திக்கு நெஞ்சு கனத்தது. இப்படி ஒருத்தர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்றோ. ஆனாலும் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிர்வும் வந்தது. கடமை என்றால் இதுதான் என்று நினைத்தார்.

அடுத்து ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். தட்டு நிறையப் பழம்.

“இன்னைக்கு முடியாதுங்க.”

“நான் யார் தெரியுமா?”

“யாரா இருந்தாலும்.”

“நேத்து வந்த ஆளு நீ, என்னைத் தடுக்கிறியா? இந்த மடத்துக்கு அண்டா வாங்கிக் கொடுத்ததே நான்தான்.”

கத்தினார், திட்டினார். தாண்டவமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். கடைக்காரர் மதிலோரமாய் முணுமுணுத்தபடி நகர்ந்து மறைந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினார்கள்.

அதே பாத்திரக்கடைக்காரர். மடத்துக்குள்ளிருந்து வெளியே வருகிறார். நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு வாழைப்பழம்.

“நீ சொன்னதைக் கேட்டிருந்தா நான் வீட்டுக்குப் போயிருக்கணும்” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

தாண்டவமூர்த்தி உள்ளே ஓடினார். அம்மை கிணற்றடியில் கீரையை அலசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து மதிலில் ஒரு சின்னக் கதவு திறந்து கிடந்தது.

“அம்மா, அவரை விட்டீங்களா?”

“பாவம், வெயில்ல நின்னார்.”

“யாரையும் பார்க்கிறதில்லைன்னீங்களே?”

“ஆமா.”

“அப்ப இனிமே வர்றவங்களை விடலாமா?”

“யாரையும் விடாதீங்க. நான்தான் சொன்னேனே.”

அவர் திரும்பி வாசலுக்கு வந்தார்.

யோசித்தார். சோதிக்கிறாரா? என்னத்தைச் சோதிக்கிறார்? நம் பொறுமையையா? அகங்காரத்தையா? கடைக்காரர் பழத்தோடு வந்தார், அதனாலா? அந்த அம்மாள் வெறுங்கையோடு வந்தாள். சீச்சீ, அம்மை அப்படிப்பட்டவர் இல்லை. ஒருவேளை அண்டாவா? மண்டை காய்ந்தது. வெயிலும் ஏறியிருந்தது.

அதற்குள் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு கணவன் மனைவி வந்தார்கள்.

“இன்னைக்கு முடியாதுங்க” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் சார். கீழே டீக்கடையில சொன்னாங்க. கிணத்தடிக்கு எந்தப் பக்கமாப் போகணும்?”

அவர் கை தானாக வழி காட்டியது. காட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அதற்கப்புறம் வந்தவர்கள் அவரைக் கேட்கக்கூட இல்லை. வாசல் வரைக்கும் வந்து, அவர் நிற்பதைப் பார்த்து, மதிலோரமாய்த் திரும்பிவிட்டார்கள். ஓர் ஆள் அவரிடம் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. தாண்டவமூர்த்தி நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றார். ஒரு தூணை நட்டு வைத்திருந்தால் அதன் நிழலாவது யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

சாயங்காலம் அந்தத் துணிப்பை அம்மாள் மறுபடி படியேறி வந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அவர் எதிரில் வந்து நின்றுகொண்டாள்.

“பஸ்ஸு வரலைன்னு டீக்கடையிலேயே உக்காந்திருந்தேன்யா. போனவங்கள்லாம் பாத்துட்டுத்தான் வராங்க. சண்டை போட்டவரு பாத்துட்டாரு. உங்க பேச்சை மதிக்காதவங்கள்லாம் பாத்துட்டாங்க. நான் ஒருத்திதான் நீங்க சொன்னதை நம்பினேன்.”

“அம்மா, எனக்கு வந்த உத்தரவு...”

“அப்ப நம்பினவதான் முட்டாளாய்யா?”

அவள் கோபமாய்க் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

உப்பளத்துப் பள்ளி டீச்சரின் முகம் சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. மாறுதல் கேட்டு வந்தவள். எச்.ஆர். முடியாது என்றதும், சரிங்க சார் என்று திரும்பிப் போனவள். அவளோடு அங்கே இருந்தவர்களெல்லாம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பூரணி அம்மை வெளியே வந்தார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என்னுதும்மா. உள்ளே போய்ச் சாப்பிடுங்க. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் பேசலாம்.”

அவள் போன பிறகு அம்மை தாண்டவமூர்த்தியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பாதி அவமானம், பாதி ஆத்திரம்.

“நான் கிளம்பறேன் அம்மா.”

“நாளைக்கும் வாசல்காரர் வரமாட்டார்.”

“அதுக்கு?”

“நீங்கதான் நிக்கணும்.”

“என்னால முடியாது. இன்னைக்கு முழுக்க ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டேன். நீங்க பின்னால கதவைத் திறந்து நல்ல பேர் வாங்கிக்கிட்டீங்க. நான் எதுக்கு அங்கே? எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்?”

“வாசலுக்கு ஒரு ஆள் வேணுமே.”

“ஆள் வேணும்னா ஒண்ணு சொல்லுங்க. அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க, அப்புறம் நிக்கறேன்.” அவர் குரல் உயர்ந்தது. “நான் முடியாதுன்னு சொல்லிட்டா, அது முடியாதுதானா? இல்லே, எனக்குப் பின்னால...”

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு.

இதே கேள்வியை நேர்காணலில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு முகம் கேட்டிருக்கிறது. தண்ணீர்க் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டது.

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி, மிகவும் கனிவாகச் சொன்னார்.

“பார்க்கலாம்.”