கொடியின் மறுமுனை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், போக்கிடம் இல்லாத நாய்களுக்கு ஒரு புகலிடம் இருந்தது. மனிதர்கள் காட்டோரம் விட்டுவிட்டுப் போன நாய்களும், வழி தவறிய நாய்களும் அங்கேதான் வந்து சேரும். கரடியம்மாள் அவற்றுக்குக் கிழங்கும் மீனும் போட்டுக் காப்பாற்றினாள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொந்து, பொந்து வாசலில் ஒரு முள்படல்.

அந்தக் காட்டு மான்களும் முயல்களும் காவலுக்கு நாய் வைத்திருந்தன. இன்னொரு நாய் வேண்டுமென்றால் கரடியம்மாளிடம் வந்து கேட்கும். கொடுப்பதற்கு முன் அவள் ஒன்றை மட்டும் பார்ப்பாள். அங்கே ஏற்கனவே இருக்கிற நாயோடு இது ஒத்துப்போகுமா? ஒத்துப்போகாத இரண்டை ஓரிடத்தில் விட்டால் ஒன்று செத்துப்போகும், குழந்தைகளே. கரடியம்மாள் அதைக் கண்ணால் கண்டவள்.

சோதிக்கும் வேலை மிளகன் என்ற கருங்குரங்கிடம் இருந்தது. மிளகனுக்கு நாய் என்றால் பயம். அவன் சிறு குட்டியாக இருந்தபோது செந்நாய்க் கூட்டம் ஒன்று அவன் தங்கையைக் கவ்விக்கொண்டு போயிற்று. பயப்படுகிறவன் கவனமாக இருப்பான் என்று நினைத்துத்தான் கரடியம்மாள் அவனை அமர்த்தினாள். அவனும் கவனமாகத்தான் இருந்தான்.

புகலிட நாயின் கழுத்தில் கரடியம்மாள் ஒரு காட்டுக்கொடியைக் கட்டுவாள். மிளகன் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு தாழ்ந்த கிளையில் ஏறி உட்காருவான். கேட்க வந்தவர்கள் கூட்டிவந்த நாயை நேர் எதிரே, முகத்துக்கு முகம் நிறுத்தச் சொல்வான். கட்டிய நாய் உறுமினால் "ஒத்துவராது" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

மூன்று முறை ஒத்துவராமல் போன நாயைச் சிறுத்தைப் பாறைக்கு அப்பால் விட்டுவிடுவார்கள். அங்கே போன நாய் எதுவும் திரும்பியதில்லை. கரடியம்மாளுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் இருக்கிற பொந்துகளோ கொஞ்சம், வாசலில் வந்து நிற்கிற நாய்களோ அதிகம்.

வேடிக்கை பார்க்க ஒரு நரி வருவான். வாய்த்துடுக்குக்காரன். மிளகனுக்கு "ஒத்துவராதார்" என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

அப்போது புகலிடத்தில் சுருளி என்றொரு நாய் இருந்தான். செம்மண் நிறம், சுருண்ட வால். ஏற்கனவே இரண்டு முறை ஒத்துவராமல் போனவன். படலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் சிலம்பாயி என்ற பெண்மான் வந்தாள். கூடவே அவளுடைய காவல் நாய் காத்தானும் வந்தான். காத்தானுக்கு வயதாகிவிட்டது. இடது கண்ணில் பார்வை இல்லை. அந்தக் குருட்டுப் பக்கமாக வந்துதான் சிறுத்தை அவளுடைய ஒரு குட்டியைத் தூக்கியிருந்தது. துணைக்கு இன்னொரு நாய் வேண்டும் என்றாள்.

கரடியம்மாள் சுருளியைக் கைகாட்டினாள். அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அவள் கொடியைக் கட்டியதும் மிளகன் மறுமுனையோடு கிளையில் ஏறினான். காத்தானை எதிரே நிறுத்தினார்கள். சுருளி அவனைப் பார்த்தான், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான், பிறகு மெல்ல ஒரு கொட்டாவி விட்டான்.

கொட்டாவியில் பல் தெரிந்தது. மிளகனின் கை தானாகவே கொடியைச் சுண்டி இழுத்தது. சுருளியின் கழுத்து இறுகி, முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. அவன் உறுமினான். பதிலுக்குக் காத்தானும் உறுமினான்.

"ஒத்துவராது" என்றான் மிளகன்.

"பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்றா ஒத்துவராதாரே? இல்லை, பல் பொருத்தம் மட்டும்தானா?" என்றான் நரி.

சிலம்பாயி கிளைக்குக் கீழே வந்து நின்றாள். "இன்னொரு தடவை பார்க்கக் கூடாதா ஐயா? எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு குட்டி."

"அந்தக் குட்டிக்காகத்தான் சொல்கிறேன் தாயே. இவன் பல்லை நீங்களே பார்த்தீர்களே."

அவள் காத்தானிடம் திரும்பிப் போனாள். கரடியம்மாள் சுருளிக்கு ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாள். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

பாறைக்குப் போகிற வழியும் மான்கள் இருக்கும் புல்வெளிக்குப் போகிற வழியும் பாதித் தூரம் ஒன்றுதான். சிலம்பாயியும் காத்தானும் முன்னே போனார்கள். மிளகன் கொடியைப் பிடித்தபடி மரத்துக்கு மரம் தாவினான். கீழே சுருளி நடந்துவந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலும். ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

வழி பிரிகிற இடத்தில் ஓர் உடைமரம் நின்றது. மிளகன் அதில் தாவியபோது நீளமான முள் ஒன்று அவன் உள்ளங்கையில் இறங்கியது. வலி தாங்காமல் கையை விரித்தான். கொடி கீழே விழுந்தது.

மிளகன் உச்சிக்கு ஓடினான். கண்ணை மூடிக்கொண்டான். இதோ கிழவன் காத்தான் கதறப்போகிறான் என்று காத்திருந்தான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

கண்ணைத் திறந்தால், சுருளி தரையை முகர்ந்தபடி, தொலைத்த எதையோ தேடுகிறவன் மாதிரி, வளைந்து வளைந்து காத்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். காத்தானும், சண்டை வேண்டாம் என்று நாய்கள் காட்டுகிறபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றி வந்து முகர்ந்தார்கள். கிழவனின் வால் இரண்டு தரம் ஆடியது. சுருளி அவனுடைய இடப்பக்கமாக, பார்வை இல்லாத அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தான்.

மிளகன் மெல்ல இறங்கினான். கீழ்க்கிளையிலிருந்து கையை நீட்டிக் கொடியை எடுத்தான். இழுத்தான். சுருளியின் முதுகு மயிர் சிலிர்த்தது, உறுமல் எழுந்தது. தளர்த்தினான். உறுமல் அடங்கியது. மறுபடி இழுத்தான். மறுபடியும் உறுமல். தளர்த்தியதும் அடங்கியது.

மூன்றாம் முறை இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தன் கையைப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. முள் குத்தியதால் வந்த நடுக்கம் இல்லை அது. வெகு காலமாகவே நடுங்கிக்கொண்டிருந்த கை.

தரையில் இறங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாயின் கழுத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனான். முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. சுருளி பொறுமையாக நின்றான்.

"கூட்டிக்கொண்டு போங்கள் தாயே" என்றான் சிலம்பாயியிடம். அவள் இரண்டு நாய்களோடும் புல்வெளிப் பக்கம் நடந்தாள்.

வெறுங்கொடியோடு அவன் திரும்பி வருவதைப் பார்த்த நரி, "என்ன ஒத்துவராதாரே, பாறைவரை போகாமல் பாதியிலேயே..." என்று ஆரம்பித்தான். மிளகன் நேரே கரடியம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"ஒத்துவராதது என் கைதான் அம்மா. பயம் என்னுடையது. அதைத்தான் நான் கொடி வழியாக நாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்."

கரடியம்மாள் கேட்டாள்: "அப்படியானால் இதற்கு முன்னால் போனவர்கள்?"

மிளகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு கொடி யார் கையிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். மிளகன் உயரமான கிளையில் உட்கார்ந்து, "எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் நான் இங்கேயே இருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவான். சுருளி போன பிறகு சிலம்பாயியின் குட்டிக்கு ஆபத்து எதுவும் வரவில்லை.

ஆனால் வேலை முடிந்ததும் மிளகன் சிறுத்தைப் பாறைக்குப் பக்கத்து மரத்துக்குப் போவான். மயிலை, கட்டையன், செவத்தி என்று தான் அனுப்பிய நாய்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பாறை அந்தப் பெயர்களை அவனிடமே திருப்பிச் சொல்லும். குரைப்புச் சத்தம் மட்டும் வந்ததே இல்லை.

நீதி: பிறரைச் சோதிக்கும் முன், உன் கை நடுங்குகிறதா என்று பார்.