எலிக்கு வாந்தி வராது

குளக்கரை மருத மரத்தடியில் கீரி வைத்தியம் பார்த்தது. பாம்போடு மல்லுக்கு நிற்கிற பிராணி, அதற்குத் தெரியாத மூலிகையா என்று காடே நம்பியது. வைத்தியர் ஆனதும் அது எலிகளிடம் ஒரு சத்தியம் செய்தது.

"இனி உங்களைத் தின்னமாட்டேன். பதிலுக்கு, புது இலை எது வந்தாலும் உங்களில் ஒருத்தர் முதலில் தின்னணும்."

எலிகள் சரி என்றன. வேறென்ன சொல்லும்?

சோதனை ரொம்பச் சுலபம். எலி இலையைத் தின்னும். மரத்தின் நிழல் கரையிலிருந்த பாறையைத் தொடும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எலி வாந்தி எடுத்தால் இலை கெட்டது. எடுக்காவிட்டால் நல்லது. இதுவரை ஒரு எலிகூட வாந்தி எடுத்ததில்லை. அதனால் இதுவரை வந்த இலை எல்லாமே நல்ல இலை! அதைத் தின்ற பன்றி குடம் குடமாகக் கக்கினால், "உள்ளே இருந்த கெட்டது வெளியே வருது" என்று கீரி சொல்லும். சோதித்த எலி நாலு நாள் கழித்து வளைக்குள் செத்துக் கிடந்தால், "வயசாகியிருக்கும்" என்று சொல்லும்.

துவரை என்கிற எலிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அதுவும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் முறிந்தால் கீரி மறுபடி தின்ன ஆரம்பித்துவிடுமே என்ற பயம்.

ஒருநாள் மான்குட்டிக்குக் கழிச்சல் கண்டது. மூன்று நாளாகியும் நிற்கவில்லை. குட்டி எலும்பும் தோலுமாகிவிட்டது. கீரி எங்கெங்கோ ஓடி, மஞ்சள் பூப் பூத்த புதுக் கொடி ஒன்றைக் கடித்து இழுத்து வந்தது. சேதி பரவி, காடே மரத்தடியில் கூடிவிட்டது. கம்பவுண்டர் வேலை பார்த்த குரங்கு எலி வளைக்குள் கையை விட்டது. கையில் சிக்கியது துவரையின் தங்கை பயறு.

"அவ வேணாம், நான் வர்றேன்" என்று துவரை பின்னாலேயே ஓடியது.

"கையில வந்ததுதான் கணக்கு. போ அந்தாண்டை" என்றது குரங்கு.

பயறு ஐந்து இலை தின்றது. நிழல் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பயறு வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்தது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து குளத்தோரம் போய், அங்கிருந்த வெள்ளைக் களிமண்ணைக் கொறிக்க ஆரம்பித்தது.

"மண்ணைக்கூட விடலை பாருங்க! மருந்து தின்னா என்னமா பசிக்குது!" என்று குரங்கு குதித்தது.

"வயிறு எரியுதுக்கா" என்று பயறு முனகியது. அது துவரைக்கு மட்டும்தான் கேட்டது.

நிழல் பாறையைத் தொட்டது.

"வாந்தி இல்லை. மருந்து தேறிடுச்சு. குட்டியைக் கொண்டா" என்றது கீரி.

துவரை ஒரே தாவலில் பாறைமேல் ஏறியது. "நிறுத்துங்க! எலிக்கு வாந்தி வராது!"



"எப்பலேருந்து?" என்று கேட்டது குரங்கு.

"பொறந்ததிலேருந்து. எங்க வம்சத்துலயே யாருக்கும் வராது. வயிறு கலங்கினா மண்ணைத் தின்போம், எங்களால ஆனது அவ்வளவுதான். அதைத்தான் நீ பசின்னு சொன்ன."

கீரியின் மீசை துடித்தது. "இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"பயம். நீங்களும் கேக்கலையே. எங்க வாயிலேருந்து வாந்தி வருதான்னுதான் பார்த்தீங்க. பேச்சும் அதே வாயிலேருந்துதான் வரும்."

"தங்கச்சிக்காகப் புளுகுது" என்றது குரங்கு.

தாய் மான் முன்னே வந்தது. "என் பிள்ளை சாகக் கிடக்கு. யார் பேச்சை நம்பறது? வைத்தியரே, நீங்களே ஒரு இலை தின்னு காட்டுங்களேன்."

"நானா? எனக்கு ஏதாவது ஆயிட்டா காட்டுக்கு யார் வைத்தியம் பார்க்கறது?"

"பயறுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு யார் தங்கச்சி?" என்றது துவரை.

எல்லாக் கண்ணும் கீரிமேல். வேறு வழியில்லாமல் அது ஒரே ஒரு இலையை வாயில் போட்டது. நிழல் ஒரு விரற்கடை நகர்வதற்குள் கரை முழுக்கக் கக்கியது. கக்கிக் கக்கிச் சுருண்டு விழுந்தது.

"உள்ளே இருந்த கெட்டது…" என்று ஒரு பன்றி ஆரம்பித்தது. கீரி பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கிக்கொண்டது.

துவரை இதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. ஓடி ஓடிக் களிமண்ணை உருட்டி வந்து தங்கைக்கு ஊட்டியது. நாலாவது உருண்டையில் பயறு கண்ணைத் திறந்தது. "எரிச்சல் குறையுதுக்கா."

கீரி தலையைத் தூக்கியது. முதல் முறையாக ஒரு எலியிடம் மருந்தைப் பற்றிக் கேட்டது. "அந்த மண்ணு என்ன செய்யும்?"

"வயித்துல இருக்கற விஷத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கழிச்சலையும் கட்டும்."

மூன்று நாளாகக் காடெல்லாம் தேடிய மருந்து குரங்கின் காலடியிலேயே கிடந்திருக்கிறது! தாய் மான் முதலில் தானே அந்த மண்ணை நக்கிப் பார்த்தது. பிறகு மண் கலங்கிய தண்ணீரைக் குட்டிக்குக் காட்டியது. மறுநாள் காலை குட்டி எழுந்து நின்றது.

பயறும் பிழைத்தது. ஆனால் முன்னே மாதிரி தாவ அதனால் முடியவில்லை. கடைசிவரைக்கும் முடியவில்லை.

அதன்பின் புது இலையைக் கீரியே முதலில் ருசி பார்த்தது. அடுத்து, மனமிருக்கிறவர்கள் வரலாம். "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சில நாள் யாரும் வரமாட்டார்கள், இலை காய்ந்து சருகாகும். கீரிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் வளைக்குள் யாரும் கையை விடவில்லை. எலிகளைத் தின்னமாட்டேன் என்ற சத்தியம் மட்டும் அப்படியே இருந்தது, பதிலுக்கு எதுவும் கேட்காமல்.

நம் நோய்க்கு இன்னொரு உயிரின் வயிற்றில் மருந்து தேடக் கூடாது. அந்த உயிரை வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்வது, அது கத்துவதைக் கேட்க நமக்கு மனமில்லாததால்தான்.