உப்பில்லாத பந்தி

முன்னொரு காலத்தில் மலைநாட்டு அரசர்கள் மூவர் ஓரணியாகவும், கடலோர அரசர்கள் நால்வர் ஓரணியாகவும் இருந்தார்கள். மலையில் மிளகு, கடலோரத்தில் உப்பு. மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் பேச இரண்டு அணிக்குமே ஆசைதான். எங்கே உட்கார்ந்து பேசுவது? அதில்தான் வந்தது வம்பு!

ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் விருந்தாளியாகப் போக எந்த அணிக்கும் மனமில்லை. மழை தொடங்கினால் கணவாய் அடைபட்டுவிடும். மலைச் சனங்களோ அதற்குள்ளாகவே உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

மலையணித் தலைவர் வேங்கைமாறன் சபையைக் கூட்டினார். விகடகவி சுக்கான்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் திருமேனியார் எழுந்தார்.

"அரசே, இடம் பார்க்கும் பொறுப்பைச் சுக்கானிடமே விடுங்கள். தவறினால் நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும். ஆனால் நான் விருந்தாளி ஆகக்கூடாது, சுக்கான்!"

"உத்தரவு அரசே. அவர்கள் ஊரிலேயே பேசுவோம்."

அமைச்சருக்கு உச்சி குளிர்ந்தது. ஆள் தொலைந்தான் என்றே நினைத்தார்.

சுக்கான் அரிசி, மிளகு, விறகு, பானை எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அரசரோடும் அமைச்சரோடும் போய், கடலோர அரண்மனை முற்றத்திலேயே அடுப்பு மூட்டினான். "இன்றைய விருந்து எங்களுடையது" என்றான்.

கடலோர அரசர்கள் சிரித்தார்கள். "உப்பே இல்லாதவர் போடும் சோற்றில் என்ன கடன் வந்துவிடும்?" என்று பந்தியில் அமர்ந்தார்கள்.

முதல் கவளத்திலேயே முகம் சுளித்தார் மூத்தவர். "சேச்சே, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே! யாரங்கே, உப்பு கொண்டு வா!"

முதலில் இலையை நீட்டியவர் நம் திருமேனியார்தான்.

சுக்கான் குறுக்கே வந்து கைகூப்பினான். "பொறுங்கள் ஐயா. உங்கள் உப்பு இலையில் விழுந்தால் எங்கள் அரசர் வாய் திறக்க முடியாது. பேசி முடித்துவிட்டுப் போட்டுக்கொள்வோம். எங்கள் சனங்கள் தினமும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்."

மூத்தவர் இலையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோயிற்று. அவருக்கு மனசு கேட்கவில்லை. குழம்பு ஆறுவதற்குள், ஒரு மூட்டை மிளகுக்குப் பத்து மூட்டை உப்பு என்று முடிவாயிற்று.

வேங்கைமாறன் விழுந்து விழுந்து சிரித்தார். தம் கைக் காப்பைக் கழற்றிச் சுக்கானுக்கு அணிவித்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"இன்னொரு இலை சோறு, அரசே. அதை மட்டும் இவர்களையே உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்!"